பட்டித் தோட்டத்துக் கௌபாய் குளம்

எங்கள் முதலாளிக்குப் படத்தில் அமெரிக்கா வேண்டும். அமெரிக்கா போகிற செலவு வேண்டாம். இந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவில் அகப்பட்டு முழிப்பதற்கென்றே கோடம்பாக்கத்தில் தயாரிப்பு நிர்வாகி என்று ஒரு ஜீவனை வைத்திருக்கிறார்கள். நான் அந்த ஜீவன். கதாநாயகன் குதிரையில் வந்து, குளக்கரையில் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு பாட்டுப் பாட வேண்டும். பின்னால் மரவீடு, வேலி, மாடு, தண்ணீர் இறைக்கிற காற்றாடி எல்லாம் தெரிய வேண்டும். இலங்கையில் பதுளைப் பக்கம் அச்சு அசலாக அப்படி ஒரு பண்ணை இருக்கிறது, வெள்ளைக்காரனே வந்து படம் எடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று எவனோ அவர் காதில் போட்டுவிட்டான். அது போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். "சண்டைதான் நின்னு போச்சே, போய்ப் பாத்துட்டு வா" என்றார் முதலாளி, ஏதோ தூறல் விட்டுவிட்டது என்பதுபோல.

பதுளைக்கு ரயிலில் வந்து சேர்ந்தேன். கூட வந்த கொழும்பு இளைஞர்கள் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தபோதெல்லாம் தொண்டை கிழியக் கத்தினார்கள். இருட்டைக் கண்டால் கத்துவது அங்கே ஒரு பொழுதுபோக்கு போலிருக்கிறது. இறங்கியதும் முதல் வேலையாகத் தேநீர் குடிக்கப் போனேன். உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்புகிற மலை, குடித்தால் இங்கேதான் குடிக்க வேண்டும் என்று நாக்கைத் தயார் செய்து வைத்திருந்தேன். வந்தது துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீர். வடபழனியில் எங்கள் டீக்கடைக்காரர் அதைக் குடித்திருந்தால் அழுதிருப்பார்.

என் முகத்தைப் பார்த்த கடைக்காரர் சிரித்தார். "நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிருதுங்க. கடைசியில கூட்டி அள்ளுறதுதான் நமக்கு" என்றார். அதற்குப் பரிகாரமாகத் தடித்த தேங்காய் ரொட்டியும், அரைத்த மிளகாயும் வெங்காயமும் சேர்ந்த கட்டச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். காது வழியாகப் புகை வந்தது. அந்த ரொட்டியைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு போன் பண்ணினேன். "ஊர் எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்கவில்லை. "இன்னிக்கும் லாரி வரலை" என்றாள். சென்னையில் அந்த வருடம் மழை பொய்த்து, தெருவில் வண்ண வண்ண பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் அவள் வேலைக்கு லீவு போட்டுக் காத்திருந்தாள். எனக்கு அறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. அதைச் சொல்லாமல் போனை வைத்தேன்.

மறுநாள் காலை பசறை வழியாக மடுல்சீமைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். பஸ் என்று அதைச் சொல்வது அதன் சொந்தக்காரருக்கு நான் செய்கிற மரியாதை. பக்கத்தில் இருந்த சிங்களப் பெரியவர் என்னிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். முன் சீட்டுப் பெண் தமிழில் எடுத்துச் சொன்னாள்: "அடுத்த வளைவுல எல்லாரும் வாந்தி எடுப்பாங்களாம். சன்னல் பக்கம் மாறிக்கங்க, வெக்கப்படாதீங்கன்னு சொல்றாரு." மாறிக்கொண்டேன். வெட்கப்படவில்லை. அதற்குப் பிறகு பெரியவர் எனக்கு ஒரு தேசிக்காய் கொடுத்து முகரச் சொன்னார். எங்கள் ஊரில் எலுமிச்சம்பழம். அங்கே பெயரும் வாசனையும் கொஞ்சம் வேறு.

பஸ் நின்ற இடத்துக்குப் பண்ணையின் மேனேஜர் குணநாயகம் பிக்கப் வண்டியோடு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், அந்தக் குளிரிலும் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பண்ணையின் சொந்தக்காரர் கொழும்பில் இருக்கிறார். இங்கே எல்லாம் இவர்தான். "வாங்கோ தம்பி. எங்கட ரான்ச் லேசுப்பட்ட இடமில்லை. வெள்ளைக்காரன் பாத்திட்டு அப்பிடியே வாயைப் பிளந்துகொண்டு நிண்டவன்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பிக்கப் சேற்றில் புதைந்தது. தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வந்து வண்டியைத் தள்ளினார்கள். குணநாயகம் இறங்கவில்லை. நான் இறங்கினேன், முழங்கால்வரை சேறும் இரண்டு அட்டைகளும் கிடைத்தன.

இந்த 'ரான்ச்'சின் வரலாற்றை அவர் எனக்கு முழு மரியாதையோடு சொன்னார். என்னால் அதே மரியாதையோடு சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் பால் வேண்டும், காய்கறிப் பாத்திக்கு எரு வேண்டும் என்று தேயிலை வளராத ஒரு புல்மேட்டில் மாடு கட்டினார்கள். தோட்டத்து மக்கள் அதற்கு வைத்த பெயர் பட்டித் தோட்டம். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது மாடுகள் எங்கேயோ போயின. பிறகு தோட்டங்கள் கம்பெனிகளுக்குப் போனபோது, கொழும்புக்காரர் ஒருவர் புல்மேட்டைக் குத்தகைக்கு எடுத்துத் திரும்ப மாடு விட்டார். மாடுகளைவிட அவருடைய நஷ்டம்தான் கொழுத்தது.

அந்தச் சமயத்தில், தொண்ணூறுகளில், ஐரோப்பாவிலிருந்து ஒரு படக்குழு வந்தது. கதை நடப்பது தென் அமெரிக்காவிலாம். அங்கே போகாமல் இங்கே ஏன் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் முதலாளியின் பங்காளிகள் எல்லா நாட்டிலும் இருப்பார்கள் போல. மரவீடு கட்டினார்கள், முன்பக்கம் மட்டும். காற்றாடி நட்டார்கள். நுவரெலியாவிலிருந்து குதிரை வந்தது. லயம் என்கிற தோட்டக் குடியிருப்பு ஆட்களுக்கு அகலத் தொப்பி வைத்து, அந்த நாட்டுப் பண்ணைக் கூலிகளாக நடக்கவிட்டார்கள். கறுப்பும் பழுப்பும் எந்த ஊராக இருந்தால் என்ன, மூட்டை தூக்கத் தெரிந்தால் போதும் என்பது அந்த இயக்குநரின் கலைப்பார்வை.

குதிரை தண்ணீர் குடிக்க ஒரு குளம் தேவைப்பட்டது. புல்மேட்டுக்கு நடுவே ஓடிய ஓடையை மறித்து, சிமெண்டில் சுவர் எழுப்பி, நடுவில் பலகை இறக்கிக் குளம் கட்டினார்கள். நிரம்பி வழிகிற தண்ணீர் வேறு பக்கமாகப் பள்ளத்தில் விழுந்தது. படம் வந்ததா என்று கேட்டேன். "அது தெரியாது தம்பி. ஆனா நல்லா எடுத்தவங்கள்" என்றார் குணநாயகம். அதற்குப் பிறகு கொழும்பு டெலிநாடகங்கள், பிஸ்கட் விளம்பரம், இப்போது கல்யாண ஆல்பங்கள். கோட்டு போட்ட மாப்பிள்ளைகள் வரிசையாக வந்து அந்தக் குளத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

மாடுகள்? தூரத்துச் சரிவில் அழகாக நின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் பாதி பலகை. பிஸ்கட் விளம்பரக்காரர்கள் வெட்டி, வர்ணம் அடித்து, நட்டுவிட்டுப் போனவை. உயிருள்ள மாடு ஒன்று பலகை மாட்டின்மேல் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. அந்தப் பண்ணையில் ஒழுங்காக நடந்த ஒரே வேலை அதுதான்.

எங்கள் முதலாளிக்கு இது போதும், இதற்கு மேலும் எதுவும் அவருக்குப் புரியாது என்று முடிவு செய்தேன். குளமும் படத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. குணநாயகத்தின் பங்களாவில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். சொதி அருமை. பேச்சுத்தான் உறைப்பு. சாப்பிடுகிற நேரம் முழுக்கத் தோட்டத்து ஆட்களைத் திட்டினார். "உதுகளுக்கு ஒண்டும் விளங்காது. சொன்னால் செய்யுதுகள், சொல்லாட்டி நிண்டுகொண்டே இருக்குதுகள்." தன் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மனுஷன் தட்டை வீசியிருப்பார்.

மூன்றாம் நாள் ஆட்கள் விஷயமாக லயத்துக்குப் போனேன். பாட்டுக்குப் பின்னணியில் நிற்க ஐம்பது பேராவது தேவை. நீளமாக ஒட்டிக் கட்டிய அறைகள், முன்னால் ஒரு வாசல், அதன் ஓரத்தில் பாறை இடுக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு இரும்புக் குழாய். அதைப் பீலி என்கிறார்கள். மேலே குளத்தில் மறித்துவிட்ட அதே ஓடைத் தண்ணீர்தான் கால்வாயில் வந்து அதன் வழியாக விழ வேண்டும். குழாயின் வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

வாசலில் ராக்கம்மா நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பள்ளத்துக்குப் போய், இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடங்களோடு செங்குத்தாக ஏறி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. இறக்கி வைக்கப் போனேன், விடவில்லை. "கொட்டிட்டீங்கன்னா மறுபடி நான்தான் எறங்கணும்" என்றாள்.

நான் சினிமாக்காரன் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவள் மகன் முருகேசு மூலையில் உட்கார்ந்து ரேடியோவைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான். முப்பது தாண்டிய ஆள், முகத்தில் நல்ல களை.

"இவனுக்கு மூணு எடத்துல பொண்ணு பாத்தாச்சுங்க" என்றாள் ராக்கம்மா. "லுணுகலையில ஒன்னு, ஸ்பிரிங்வெளியில ஒன்னு, கீழ்ப் பிரிவுல ஒன்னு. பையன புடிச்சிருக்குங்கிறாங்க. அப்புறம் வந்து லயத்தப் பாக்குறாங்க. பீலியப் பாக்குறாங்க. எந்திரிச்சுப் போயிர்றாங்க. அவங்க மேல தப்பில்ல. எம் பொண்ணா இருந்தா நானே குடுக்க மாட்டேன்."

"இந்த லயத்துல பதினோரு பேரு இருக்கோம், கல்யாணமாகாம" என்றான் முருகேசு தலையைத் தூக்காமல். "கிரிக்கெட் டீம் சரியா இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவர்கள் மேலேயே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளத்துக்குச் சுவர் கட்டியவன் ஊரைவிட்டே போய்விட்டான். பலகை அங்கே இருக்கிறது, நான் பார்த்தேன், இரண்டு ஆள் சேர்ந்தால் தூக்கிவிடலாம். இத்தனை வருஷமாக ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்த வெள்ளக்காரத் துரை போகையில பெரட்டுல வந்து சொன்னாருங்க" என்றாள் ராக்கம்மா. பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் எல்லாரையும் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். "இன்னும் கொஞ்சம் படம் பாக்கி இருக்கு, திரும்பி வருவோம், கொளத்தத் தொடாதீங்கன்னாரு. அதுக்கப்புறம் வேற எந்தத் துரையும் தொடலாம்னு சொல்லலையே."

பாக்கியாவது மண்ணாவது! ஊரைக் கலைத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது எல்லாப் படக்காரனும் சொல்கிற பொய் அது. நானே எத்தனையோ ஊரில் சொல்லியிருக்கிறேன். ஒரு கிராமமே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. குணநாயகம் சொன்னது சரிதானோ என்றுகூடத் தோன்றியது.

"நீங்க சொல்லுங்க. நீங்களும் சினிமாத் துரைதானே" என்றாள்.

"சரி, சொல்லிட்டேன். திறங்க."

"இங்க சொன்னாச் செல்லாதுங்க. காலையில பெரட்டுல வந்து சொல்லணும். எல்லாரு காதுலயும் விழணும்."

என்ன கட்டுப்பாடு, என்ன விசுவாசம்! உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஒப்புக்கொண்டதற்கு எனக்குள் ஒரு கணக்கும் இருந்தது. ஒரு வாரம் திறந்து விடுவோம், படப்பிடிப்புக்கு முன்னால் மூடினால் நிரம்பிவிடும். எனக்கும் புண்ணியம், முதலாளிக்கும் குளம். ஆனால் உண்மையில் அந்த நேரம் என் கண்ணில் நின்றது எங்கள் தெருவில் குடத்தோடு நிற்கிற என் மனைவிதான். அவளுக்கு லாரி அனுப்ப என்னால் முடியாது.

நான்காம் நாள் விடிந்தும் விடியாமல் பெரட்டுக்குப் போனேன். பனியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்றார்கள். பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளையிடம் போய் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் மலை உச்சியைப் பார்த்து, "எனக்குக் காலையில காது அடைச்சுக்கும்ங்க" என்றார். நோயாளி மனுஷன் என்று நினைத்தேன்.

"நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிற சினிமாக்காரன்" என்று கத்தினேன். "அந்தப் படம் முடிஞ்சு போச்சு. குளத்துப் பலகையைத் தூக்கிடுங்க. நான் சொல்றேன்."

யாரும் கைதட்டவில்லை. "இன்னொரு தடவ சத்தமா சொல்லுங்க துரை" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சொன்னேன். உடனே வரிசை கலைந்தது.

முருகேசுவும் இன்னும் நான்கு பேரும் கடப்பாரையோடு முன்னால் ஓடினார்கள். பலகை ஊறிக் கனத்திருந்தது. கிளப்பியதும் தண்ணீர் சேறும் பாசியுமாகப் பாய்ந்தது. நான் கால்வாய் ஓரமாகவே லயத்துக்கு இறங்கினேன். அப்போதுதான் கவனித்தேன்: பல வருஷம் தண்ணீர் வராத கால்வாயில் ஒரு புல் இல்லை. வழி நெடுக மண் வெட்டி ஒதுக்கியிருந்தது. வெட்டிய புல் வாடிக் காய்ந்தே போயிருந்தது. நேற்று வெட்டியது அல்ல. நான் ஊருக்கு வரப்போகிறேன் என்று கேள்விப்பட்ட அன்றே வெட்டியிருக்க வேண்டும்.

பீலியில் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண், பிறகு தண்ணீர். பெண்கள் கையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். ராக்கம்மா குடத்தை வைக்கவில்லை. சும்மா முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்குள் குணநாயகம் வந்துவிட்டார், பனியனோடு. இஸ்திரிச் சட்டை இல்லாமல் அவரைப் பார்ப்பது பாவமாக இருந்தது.

"ஆர் திறந்தது?" என்றார். "ஆர் திறக்கச் சொன்னது? பேரைச் சொல்லுங்கோ!"

ஒரு ஐம்பது அறுபது கைகள் என்னைக் காட்டின. கணக்கப்பிள்ளையின் கையும் அதில் இருந்தது. காது திறந்துவிட்டது போலிருக்கிறது.

"என்னது?" என்றேன் ராக்கம்மாவிடம்.

அவள் என் பக்கம் திரும்பாமலே தணிந்த குரலில் சொன்னாள். "படக்காரங்க போன மறு மாசமே எங்க வீட்டுக்காரரு இந்தப் பலகையத் தூக்குனாருங்க. ஆர் திறந்ததுன்னு மேனேஜரு இதே மாதிரிதான் கேட்டாரு. காட்டுறதுக்கு வேற ஆளு இல்ல. அவரத்தான் காட்டுனாங்க. வேலையிலேருந்து நிப்பாட்டி, தோட்டத்தவிட்டே அனுப்புனாங்க. இப்ப கொழும்புல கடையில மூட்ட தூக்குறாரு. அதான் வெளியாளு ஒருத்தரு வேணும்னு இருந்தோம். கல்யாணப் படம் எடுக்குற பையங்ககிட்டகூட கேட்டுப் பாத்தோம். ஓடிட்டானுங்க."

விசுவாசமாம், கட்டுப்பாடாம்! நான்கு நாளாக ஒரு மலையையே ஏளனம் செய்துகொண்டிருந்தவனை அந்த மலை உட்கார்த்தி வைத்துக் காரியம் சாதித்திருக்கிறது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் குணநாயகம் முருகேசுவின் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசுவின் முகத்தில் ரத்தம் இல்லை. ராக்கம்மாவின் கை அவன் சட்டையைப் பிடித்திருந்தது.

"நான்தான் சார் சொன்னேன்" என்றேன்.

"நீங்களோ? குளமில்லாமல் என்னத்தைப் படம் பிடிப்பியள்?"

சினிமாவில் இத்தனை வருஷம் பொய் சொல்லிப் பழகியது அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. "எங்க கதையில பஞ்சம் சார். கதாநாயகன் வந்து பார்க்கும்போது குளம் வறண்டு வெடிச்சிருக்கணும். அதுதான் பாட்டோட உயிரே. நாங்க யூனிட்டோட வர்றவரைக்கும் யாரும் பலகையை மூடிடக் கூடாது. முதலாளி ரொம்பக் கண்டிப்பு."

அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் ஒரு படக்கம்பெனி கேட்கிறது என்றால் கொழும்புச் சொந்தக்காரருக்கு அவரால் பதில் சொல்ல முடியும். "அப்ப நீங்கள் கட்டாயம் வருவியள்தானே?" என்றார். "கட்டாயம்" என்றேன்.

முதலாளியிடம் அந்தப் பண்ணை நாசமாகிவிட்டது, குளமும் வற்றிவிட்டது, லாயக்கில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன். அவர் பொள்ளாச்சியில் அமெரிக்காவைத் தேடிக்கொள்வார்.

பிக்கப் கிடைக்கவில்லை, குணநாயகம் தரவில்லை. முருகேசு என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை வந்தான். ராக்கம்மாவும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். வாழையிலையில் ரொட்டியும் சம்பலும் கட்டிக் கையில் கொடுத்தாள். தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"போயிட்டு வாங்கன்னு சொல்லணும், நான் சொல்லலைங்க. தப்பா நெனைக்காதீங்க. நீங்க வந்தீங்கன்னா பலகைய மூடிருவாங்க."

பெட்டியைக் கீழே வைத்த முருகேசு தலையைக் குனிந்துகொண்டான். அவள் குனியவில்லை, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரிங்கம்மா, வரல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.